எந்த ஐயர்?

"ஏட்டி ரூபி, நீ அனுப்புன ஐயர் வந்துட்டாவ."

போனில் எஸ்தர் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேசினார். நான் ராஜபாளையத்தில், எங்கள் கோயிலுக்குள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். பீடத்துக்குப் பின்னால் புதிதாக மாட்டிக்கொண்டிருந்த எல்.இ.டி. திரை கோணாமல் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை எனக்கு நானே கொடுத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் "இடது பக்கம் இன்னும் செத்த தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"வந்துட்டாவளா? ஸ்தோத்திரம்" என்றேன். ஒரு வேலை முடிந்த நிறைவு எனக்கு.

"வந்துட்டாவ. ஆனா பூணூல் போட்டிருக்காவளே."

நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஐயர் எனக்குப் பக்கத்திலேயே ஏணி மேல் நின்றிருந்தார். வாயில் ஒரு ஒயரைக் கவ்வியிருந்தார். அவரிடம் பூணூல் கிடையாது. கருப்பு டேப் வளையம் ஒன்று மணிக்கட்டில் தொங்கியது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் சைக்கிள் பழகிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "டீச்சர், எப்பவும் விழுந்த கதையாகவே எழுதுகிறீர்களே, எழுந்த கதை ஒன்றும் இல்லையா?" இதுவும் விழுந்த கதைதான். ஆனால் விழுந்தது நாற்காலியிலிருந்து அல்ல.

கோழி அடிக்கும் ஐயர்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் தென்பக்கத்துச் சபைகளில் கிறிஸ்தவப் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். அவர் மனைவி ஐயரம்மா. அவர் வேலை செய்யும் இடம் கோயில். யார் ஆரம்பித்துவைத்தார்களோ தெரியாது. எங்களுக்கு நாக்கில் ஊறிவிட்டது. இன்னொரு ஐயரும் உலகத்தில் உண்டு என்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும்.

தெரிந்த விதம் கொஞ்சம் மோசம். நான் படித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அக்ரகாரத்துப் பெண். ஒரு திங்கட்கிழமை அவளிடம் பெருமையாகச் சொன்னேன்: "நேத்து எங்க வீட்டுக்கு ஐயர் வந்தாவ. ரெண்டு கோழி அடிச்சோம். ரெண்டையும் அவியளே தின்னுட்டாவ." அவள் பெஞ்சை விட்டு எழுந்து அழுதுகொண்டே ஓடினாள். அவளுடைய சித்தப்பா புரோகிதர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மதியம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். இந்த முறை கோழியின் நிறத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

அப்படிப்பட்ட அனுபவம் உள்ளவள், அறுபது வயதைத் தாண்டியவள், முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் சொல்லிக்கொடுத்த தமிழ் டீச்சர், 'ஐயர்' என்ற சொல்லைக் கையாளும்போது கவனமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆட்டோக்காரர் கருப்பசாமிக்குப் போன் போட்டு, "பஸ் ஸ்டாண்டுல ஐயர் நிப்பாவ, கூட்டிட்டுப் போயி எஸ்தர் அக்கா வீட்ல விட்டுருப்பா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கருப்பசாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவன் கோயிலை ஒட்டிய மடவார் வளாகத்துக்காரர். அவர் வாழ்க்கையில் பார்த்த ஐயர்கள் எல்லோரும் ஒரே வகைதான்.

எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். ராஜபாளையத்தில் எங்கள் கோயிலுக்கு அடுத்த தெருவில் இருந்தவர். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடுவார். நான் சுருதி விலகும்போது என் இடுப்பில் கிள்ளுவார். அந்தக் காலத்தில் என் இடுப்பில் எப்போதும் ஒரு நீலத் தடம் இருக்கும்.

என் கணவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், ஜெபித்தார்கள், பைபிளிலிருந்து வாக்குத்தத்தம் சொன்னார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார்கள். எஸ்தர் அக்கா மட்டும் ஒரு பை நிறைய முறுக்கோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெபம்கூடச் சொல்லவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் இருந்ததால்தான் நான் அங்கே உட்கார முடிந்தது. அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டவள் என்று சொல்லத் தெரியவில்லை.

முழங்கால் வலி முற்றிய பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோனார். மகள் அங்கே ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மடவார் வளாகத்தில் படி ஏறத் தேவையில்லாத ஒரு கீழ்வீடு. பக்கம்தான், பஸ்ஸில் ஏறி ஒரு கண் அசந்தால் வந்துவிடும். ஆனால் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. கொரோனா காலத்தில் ஆராதனையைப் போனில் நேரலையாகக் காட்டப் பழகினோம். கொரோனா போய்விட்டது, நேரலை போகவில்லை. எஸ்தர் அக்கா வாராவாரம் அதைப் பார்த்து, கீழே 'ஆமென்' என்று எழுதுவார். அதைப் பார்த்து எங்களுக்கு மனம் நிறைந்துவிடும். அவர்தான் ஒவ்வொரு வாரமும் வருகிறாரே, கமெண்டில்!

ஒரு வியாழக்கிழமை அவர் எனக்குப் போன் செய்தார்.

"திங்கக்கெழம மதுரையில ஆபரேஷன்ட்டி. நம்ம ஐயரைச் செத்த நேரம் வரச் சொல்லு. திருவிருந்து எடுத்து, ஒரு ஜெபமும் பண்ணிட்டா தெம்பா இருக்கும். நான் எத்தனை பேரைத் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போயிருக்கேன். திரும்பி வராத ஆளுவளையும் பாத்திருக்கேன். ஐயர் வரலன்னா நான் போகல, சொல்லிட்டேன்."

பின்னணியில் கீபோர்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் ஒரு காதை அடைத்துக்கொண்டு, "கண்டிப்பா வருவாவக்கா" என்றேன். கடைசி வாக்கியத்தை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். அது விளையாட்டு இல்லை. அவர் மகள் மதுரைக்குப் போகக் கார் சொல்லியிருந்தாள், அதை ரத்துசெய்யச் சொல்லி இவர் அடம்பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான்கு 'அ'

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சபைக் கமிட்டியின் செயலாளர். தேர்தலில் எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அதை என் செல்வாக்கு என்று நான் நினைத்திருந்தேன். வேலை அவ்வளவு என்பதால்தான் யாரும் நிற்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

பதவிக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், 'நமது சபையின் நோக்கம்' என்று ஒரு பிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டியது. சபை எதற்காக இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கூடிப் பேசினோம். நடுவில் பிரியாணி. நோக்கம் நான்கு சொற்களில் இருக்க வேண்டும், நான்கும் 'அ'வில் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அன்பு, அழைப்பு, அர்ப்பணிப்பு என்று மூன்று உடனே கிடைத்தன. நான்காவதுக்குச் சாயங்காலம் வரை அலைந்தோம். ஒருவர் 'அசனம்' என்றார். அது பண்டிகைக்குச் சபையாகப் போடும் சோறு. எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் 'அறிவிப்பு' என்று வைத்தோம். இப்போது யோசித்தால் அசனம் சொன்ன மனிதர் ஒருவர்தான் சபையைப் பற்றிச் சரியாக யோசித்திருக்கிறார். குறைந்தபட்சம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம்.

அறிவிப்பில் மட்டும் நாங்கள் குறை வைக்கவில்லை. ஆராதனையில் அறிவிப்பு நேரம் பிரசங்கத்தை எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. வாசிப்பது நான்.

அடுத்த காரியம் எல்.இ.டி. திரை. இளைஞர்கள் கேட்டார்கள், நான் முன்னின்று வாங்கினேன். பாட்டு வரிகளுக்குப் பின்னால் ஏதாவது காட்சி ஓட வேண்டுமாம். அவர்கள் லேப்டாப்பில் போட்டுக் காட்டிய எல்லாக் காட்சியிலும் பனி கொட்டியது. ராஜபாளையத்தில் பனியில் நனைந்தவர் யார்? "இங்கனதான மலை இருக்கு, நம்ம அய்யனார் கோவில் அருவியப் படம் புடிச்சுப் போடுங்கடே" என்று சொன்னேன். பிடித்துவந்தார்கள். அற்புதமான அருவி. ஆனால் ஒரு ஓரத்தில் ஒரு வேல் எட்டிப் பார்த்தது. கமிட்டியில் அதைப் பற்றி வெகு நேரம் வாதம் நடந்தது. கடைசியில் அந்த ஓரத்தை வெட்டினார்கள். வெட்டியதில் அருவியும் பாதி போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு பாறை. அந்தப் பாறைக்கு முன்னால்தான் இப்போது துதிப்பாடல் ஓடுகிறது.

எங்கள் ஐயர் நல்லவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல குரல். மலையடிவாரத்தில் இருக்கும் சின்னச் சபைகளையும் அவர்தான் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் ஒலிபெருக்கி, நேரலை, திரை எல்லாவற்றுக்கும் அவரையே பிடித்து இழுப்போம். ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டார்: "டீச்சர், நான் இங்க ஐயரா வந்தேனா, ஒயரா வந்தேனா?" நான் அதைக் கமிட்டியில் நல்ல நகைச்சுவை என்று எடுத்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மதியமே திரை மாட்டும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் ஆராதனையில் பிரதிஷ்டை. "இதை முடிச்சுட்டுப் பொறவு போறேன் டீச்சர்" என்றார். நானும் சரி என்றேன். கருப்பசாமிக்குச் சொல்ல மறந்தேன். ஏற்பாடு செய்வதுதான் என் துறை. நடந்ததா என்று பார்ப்பது வேறு யாருடைய துறையோ என்று ஒரு நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

ஒரு பைக், இரண்டு பேர், நல்ல மழை

"பூணூல் போட்ட ஐயரா?" என்று எங்கள் ஐயர் ஏணியிலிருந்து இறங்கிக் கேட்டார். ஒயர் வாயிலிருந்து விழுந்தது.

"ஆமா. அவியளை உக்கார வச்சிருக்கேன். அது கெடக்கட்டும், நம்ம ஐயரை எப்ப அனுப்புத?" என்று எஸ்தர் அக்கா போனில் கேட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "மறந்துட்டியளோ எல்லாரும்? சரி. அப்ப காரை வேண்டாம்னு சொல்லிருதேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது.  எங்கள் ஐயர் பீடத்துக்குப் போய், அப்பமும் திராட்சை ரசமும் வைத்த திருவிருந்துப் பெட்டியை எடுத்தார். "ஏறுங்க டீச்சர்" என்றார்.

நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து இருபது வருடம் இருக்கும். மடியில் திருவிருந்துப் பெட்டி, ஒரு கையில் குடை. பாதி வழியில் மழை பிடித்தது. குடையை விரித்தேன். அது பின்பக்கமாகச் சட்டி போல் கவிழ்ந்து என்னையும் சேர்த்து இழுத்தது. "டீச்சர், குடையை மடக்குங்க, வண்டி பறக்குது!" என்று ஐயர் கத்தினார். வழியில் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றவர்கள் எங்களை ரசித்துப் பார்த்தார்கள். செயலாளரின் கம்பீரம் அந்த மழையில் கரைந்து ரோட்டோரம் ஓடியது.

தழும்பு

எஸ்தர் அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் அக்கா. எதிரே நாற்காலியில், நெற்றியில் விபூதியோடு ஒரு பெரியவர். எழுபது வயது இருக்கும். மேல்துண்டை விலக்கி மார்பைக் காட்டிக்கொண்டிருந்தார். நடு நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு. அதை ஒட்டிப் பூணூல். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்து நர்ஸ் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தச்சிருக்காங்க சாமி. நூல் போட்டதே தெரியல."

"மதுரையிலதான் பண்ணிண்டேன். வலிக்குமோன்னு நானும் பயந்தேன். உள்ளே கொண்டுபோய் உங்க பேர் என்னன்னு கேட்டா. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள முழிச்சுண்டுட்டேன். முழிச்சதும் எனக்குப் பசிதான் தெரிஞ்சுது."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சிறுவயதில் அந்த அக்ரகாரத்துத் தோழியின் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். எனக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து கையில் ஊற்றினார்கள். அது நினைவுக்கு வந்தது. இப்போது இந்தப் பெரியவருக்குப் பக்கத்து ஸ்டூலில் எஸ்தர் அக்கா வீட்டு டம்ளர் பாதி குடித்த தண்ணீரோடு இருந்தது. 

நடந்தது இதுதான். அடுத்த தெருவில் மறுநாள் ஒரு கிரகப்பிரவேசம். அதற்கு ஏற்பாடு பார்க்கப் பெரியவர் வந்திருக்கிறார். அந்த வீட்டார் ஆட்டோ அனுப்புவதாகச் சொல்லிப் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னார்கள். கருப்பசாமி போய், "ஐயர்தான? மடவார் வளாகந்தான? ஏறுங்க" என்றிருக்கிறார். எல்லாப் பதிலும் பொருந்திவிட்டது. வீட்டுக்குள் வந்து சிலுவையைப் பார்த்ததும்தான் பெரியவருக்குத் தப்பு புரிந்தது. அதற்குள் ஆட்டோ போய்விட்டது, மழை வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

அவ்வளவுதான். அவர் கேட்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஐயரைப் பார்த்ததும் பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்தார். "நீங்கதான் அந்த ஐயரா? வாங்கோ. நான் வெளில நிக்கறேன், நீங்க உங்க காரியத்தைப் பாருங்கோ."

"இருங்க சாமி, மழை பெய்து" என்றார் எங்கள் ஐயர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அக்காவின் பக்கத்தில் போய் நின்று, கண்ணை மூடி, நேரே ஜெபத்தில் இறங்கினார். தாமதத்தைக் குரலால் ஈடுகட்டினார். வீடே அதிர்ந்தது.

"ஆண்டவரே, உம்முடைய மகளின் மூட்டுகளை உம்மிடம் ஒப்புக்கொடுக்கிறோம். அந்த வலது மூட்டைத் தொடும். இடது மூட்டைத் தொடும். மருத்துவர் அந்த மூட்டைத் திறக்கும்போது..."

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். பெரியவர் இரண்டு கண்ணையும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, புருவத்தை உயர்த்திக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூட்டு வந்த வழியை அந்த இடத்திலேயே நின்று கண்டுபிடித்தேன். நான் வாட்ஸ்அப் குழுவில் 'எஸ்தர் அக்காவுக்கு ஆபரேஷன், ஜெபியுங்கள்' என்று போட்டேன். அக்காவுக்கு மூட்டு வலி என்பது ஊருக்கே தெரியும். ஒருவர் 'மூட்டு வலி நீங்கட்டும்' என்று எழுதினார். அடுத்தவர் 'மூட்டு ஆபரேஷன் ஜெயமாகட்டும்' என்றார். பிறகு வரிசையாகக் கூப்பிய கைகள். திரையில் ஓடும் அளவுக்குக் கைகள். ஒரு கைகூடப் போனை எடுத்து அவரை அழைக்கவில்லை. என் கையும் அதில் இருந்தது.

எஸ்தர் அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "ஆமென்" என்றார். பிறகு சொன்னார்:

"ஐயரே, ரொம்ப சந்தோசம். மூட்டு பழைய வலி, அது பாட்டுக்குக் கெடக்கு. ஆபரேஷன் நெஞ்சுல. ரெண்டு அடைப்பு."

எங்கள் ஐயரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அவர் மெல்ல முழங்காலில் உட்கார்ந்தார். இந்த முறை சத்தம் இல்லை. பெட்டியைத் திறந்து அக்காவுக்குத் திருவிருந்து கொடுத்தார்.

மழை விட்டதும் கருப்பசாமி அரக்கப்பரக்க வந்தார். அந்தக் கிரகப்பிரவேச வீட்டார் தேட ஆரம்பித்துவிட்டார்களாம். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். யாரையாவது பிடிக்க வேண்டுமே!

"ஏப்பா, சிலுவை போட்ட வீட்டுக்குப் பூணூல் போட்டவியளைக் கூட்டியாறியே, ஒனக்கே தோணாதா?"

"டீச்சர், நீங்க ஐயர்னுதான சொன்னிய? நான் ஐயரைக் கூட்டியாந்தேன். பாதர்னு சொல்லியிருந்தா பாதரைக் கூட்டியாந்திருப்பேன். தமிழ் டீச்சர் நீங்க, தப்பாவா சொல்லப்போறியன்னு நெனச்சேன்."

பிடித்தவரை விட்டுவிட்டேன். 

பெரியவர் ஆட்டோவில் ஏறும் முன் ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "பயப்படாம போயிட்டு வாங்கோ. முழிச்சதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கோ. எனக்கு அதே ஞாபகமா இருக்கும்."

"போயிட்டு வாரேன் சாமி" என்றார் எஸ்தர் அக்கா. பிறகு மகளைக் கூப்பிட்டு, "காரை வரச் சொல்லுட்டி" என்றார். அவ்வளவு நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

ஆமென்

மறுநாள் திரைக்குப் பிரதிஷ்டை. கூட்டம் நிரம்பியிருந்தது. பாறை பளபளவென்று வந்தது. பாட்டு முடிந்து நோயாளிகளுக்கான ஜெப நேரம். திரையில் ஆள் உயர எழுத்தில் விழுந்தது: 'சகோதரி எஸ்தர் - மூட்டு அறுவை சிகிச்சை.' வெள்ளிக்கிழமையே தயாரித்தது. மாற்றியிருக்க வேண்டியவள் நான்.

ஐயர் திரும்பி அதைப் பார்த்தார்.  பிறகு மைக்கில் சொன்னார்:

"இது தப்பு. நேத்து அவங்க வீட்டுக்குப் போய் நானும் இதே மாதிரி தப்பா ஜெபம் பண்ணிட்டு வந்தேன். அக்காவுக்கு நெஞ்சுல ஆபரேஷன். நாளைக்கு. அவங்க பயந்துபோய் இருக்காங்க. யாரெல்லாம் கூடப் போவோம்?"

"ஆமென்!" என்றது சபை.

ஐயர் காத்திருந்தார். கேட்டது கேள்வி என்று எங்களுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. யாரும் கை தூக்கவில்லை.  திரையை இயக்கும் தம்பி பதறிப்போய்ப் பனிமலையைப் போட்டுவிட்டான்.

நான் கையைத் தூக்கினேன். வீரமாக அல்ல. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை தூக்குவாளே, அந்த உயரத்துக்குத்தான்.

சபையைப் பற்றிக் கோபமாக நாலு வரி எழுதலாம் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அந்தச் சபை நான்தான். பிளெக்ஸ் நான் எழுதியது, திரை நான் வாங்கியது, அறிவிப்பு நான் வாசித்தது. ஒரு வீட்டுக்குப் போய் உடம்புக்கு என்ன என்று கேட்பதற்காகத்தான் இதையெல்லாம் சேர்த்துவைத்திருக்கிறோம் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். நினைவுபடுத்த, ஆட்டோ மாறி வந்த ஒருவர் தேவைப்பட்டார்.

முறுக்கு

திங்கட்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் எஸ்தர் அக்காவின் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பை நிறைய முறுக்கு. இப்போது என் பல்லுக்கு முறுக்கு ஒத்துவராது. ஊறவைத்து ஊறவைத்துத் தின்றதில் சத்தமே வரவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உடனே அழுதாள். நான் முறுக்குப் பையை அவள் மடியில் வைத்தேன்.

எங்கள் ஐயர் காலை முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். அங்கியில்லை, பெட்டியில்லை. அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்தார். என்ன ஜெபித்தார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டிருக்கும். பிறகு வந்து எங்களுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். போனை எடுக்கவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். மகள் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் என்னை உள்ளே அனுப்பினாள். எஸ்தர் அக்கா குழாய்களுக்கு நடுவில் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

"ஏட்டி..."

"இருக்கேன்க்கா."

"பசிக்கி."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் மறுபடி உதட்டை அசைத்தார். குனிந்து கேட்டேன்.

"ஐயருகிட்டச் சொல்லிரு. முழிச்சுட்டேன்னு."

"எந்த ஐயருகிட்டக்கா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "வந்த ஐயருகிட்டத்தான்" என்றார்.

கீழே வந்தேன். இரண்டாவது நாளாக அதே சட்டையில் எங்கள் ஐயர் அதே பெஞ்சில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "என்ன சொன்னாங்க டீச்சர்?"

மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு சொல்லை விழுங்குவது பெரிய வேலையில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அப்படியே சொல்லிவிட்டேன்.

"முழிச்சுட்டாவ. வந்த ஐயருகிட்டச் சொல்லச் சொன்னாவ."

 இரண்டு நாளில் முதல்முறையாக அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"கருப்பசாமி நம்பரைச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.